புழுவின் பகைவரும் பயிரின் நண்பரும்

பயிருக்குப் பகை எது என்பதைப் பலரும் அறிவர். அப்பகைக்குப் பகை எது என்பதை அறிந்தோர் சிலரே. இலையைத் தின்னும் புழுவை உழவர் கண்டவுடன் இனங்கண்டு கொள்கிறார். அப்புழுவின் உடலுக்குள் இருந்து அதனைத் தின்று தீர்க்கும் சிறு குளவியை அவர் அறிவதில்லை. அறிவிக்க வேண்டியவர்களும் பல இடங்களில் அறிவிப்பதில்லை. இந்த அறியாமைக்கு உழவர் கொடுக்கும் விலை பெரிது. வேண்டாத மருந்துக்குப் பணம் செலவாகிறது. அம்மருந்தினால் புழுவுக்கு முன்பாகவே குளவி மடிகிறது. அடுத்த தலைமுறைப் புழு எதிர்ப்பாரின்றிப் பெருகுகிறது. ஆகவே, தெளிப்பானைத் தோளில் ஏற்றுவதற்கு முன் புழுவின் பகைவரைத் தேடிக் காண்பதை வயல் ஊழியரின் முதற் கடமையாகவும், பள்ளியில் இயற்கைப் பாடத்தின் ஒரு பகுதியாகவும் ஆக்குதல் அவசியமாகும்.

டில்லி வயல்களில் காணும் காட்சி

டில்லியில் யமுனையாற்றின் வெள்ளச் சமவெளியிலும், நகரை அடுத்துள்ள கிராமங்களிலும் குளிர்காலத்தில் முட்டைக்கோசும் காலிஃபிளவரும் பயிராகின்றன. அக்காலத்தில் வெண்ணிற இறகும் கருமுனையும் கொண்ட கோசு வண்ணத்துப்பூச்சி வட இந்தியச் சமவெளியில் தோன்றுகிறது. பியரிஸ் பிராசிக்கே என்பது இதன் விஞ்ஞானப் பெயர். வெயில் மிகுந்த மாதங்களில் இது சமவெளியில் தங்குவதில்லை. குளிர்ந்த மலைப்பகுதிகளிலேயே காலங் கழிக்கிறது. இதன் பெண் பூச்சி இலையின் மீது மஞ்சள் நிற முட்டைகளைக் கூட்டமாக இடுகிறது. பொரித்த புழுக்கள் முதலில் ஒன்றாகக் கூடி மேய்ந்து, பின்னர்ப் பிரிந்து செடி செடியாகப் பரவுகின்றன. இலைநரம்பு மட்டும் எஞ்சி நிற்கும் கோசுச் செடியைப் பார்த்த உழவர் மருந்துக் கடைக்கு விரைவதில் வியப்பில்லை.

ஆனால் அதே வயலைச் சற்றுப் பொறுமையுடன் சுற்றிப் பார்ப்பவர் வேறொரு காட்சியையும் காணலாம். சோர்ந்து அசைவற்றுக் கிடக்கும் ஒரு புழுவும், அதன் பக்கத்தில் நெருக்கமாக அடுக்கியது போன்ற மஞ்சள் நிறப் பட்டுக்கூடுகளும் இலையில் ஒட்டியிருக்கும். இவை கொட்டீசியா குளோமெராட்டா என்னும் மிகச் சிறு குளவியின் கூடுகள். இக்குளவி இளம் புழுவின் உடலில் ஊசி போன்ற உறுப்பைச் செலுத்தி ஒரே முறையில் பல முட்டைகளை இட்டுச் செல்கிறது. முட்டையிலிருந்து வெளிப்படும் குளவிக் குஞ்சுகள் புழுவின் உடற்சாற்றை உண்டு, அதன் உயிருறுப்புகளுக்கு ஊறு செய்யாமல் உள்ளேயே வளர்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில், முழு வளர்ச்சியுற்ற புழுவின் தோலைத் துளைத்துக்கொண்டு ஒன்றாக வெளியேறி, அங்கேயே கூடு கட்டுகின்றன. அந்தப் புழு ஒருபோதும் வண்ணத்துப்பூச்சியாவதில்லை. அது இருக்குமிடத்தில் பல குளவிகள் பிறக்கின்றன; அவை ஒவ்வொன்றும் வேறு புழுக்களைத் தேடிப் பறக்கின்றன.

இந்த மஞ்சள் கூடுகளைப் புழு இட்ட முட்டைகள் என்று கருதி நசுக்கி அழிப்போர் உளர். இத்தவறு மிகப் பழமையானது. 1602ஆம் ஆண்டில் இத்தாலியப் பேராசிரியர் அல்ட்ரோவாண்டி இக்கூடுகளைக் கண்டு எழுதியபோது அவற்றை முட்டைகள் என்றே எண்ணினார். அவை வேறொரு பூச்சியின் கூடுகள் என்பதை அந்நாட்டினரான வல்லிஸ்னியேரி விளக்குவதற்கு ஒரு நூற்றாண்டு கழிந்தது. கற்றறிந்தவரே மயங்கிய இடத்தில் உழவர் மயங்குவது குற்றமன்று. ஆனால் உண்மை வெளியாகி முந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் அது வயல் வரப்பை வந்து எட்டாமலிருப்பது குறையேயாகும்.

வேறுபாட்டை அறிவது எளிது. வண்ணத்துப்பூச்சியின் முட்டைகள் மிகச் சிறியவை. தோலுறை எதுவுமின்றி, நிறுத்தி வைத்த குப்பிகளைப் போல இலையில் செங்குத்தாக நிற்கும். குளவியின் கூடுகளோ அவற்றைவிடப் பெரியவை. அரிசி மணியின் வடிவில், பஞ்சு போன்ற பட்டிழை போர்த்திக் கிடைமட்டமாகக் குவிந்து கிடக்கும். அருகில் இறந்த அல்லது இறக்கும் நிலையிலுள்ள புழு இருக்கும். முட்டையாயின் அந்த இலையைக் கிள்ளி அழிக்க வேண்டும்; கூடாயின் அதனைத் தொடலாகாது. இந்த ஒரு பாடம் மட்டும் ஒரு கிராமத்தில் நிலைபெறுமாயின் அதுவே பெரும் பயனாகும். இக்குளவியின் மதிப்பை உணர்ந்த அமெரிக்கர், தம் நாட்டில் கோசுப் புழுவை அடக்குவதற்காக 1883ஆம் ஆண்டிலேயே இதனை இங்கிலாந்திலிருந்து கொண்டு சென்றனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு பகைவன்

புழுவின் பகைவர் இக்குளவியோடு முடிவதில்லை. வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, இறகுள்ள பூச்சி என நான்கு பருவங்கள் உண்டு. நான்கிலும் அவற்றைத் தாக்குவோர் உளர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத ட்ரைக்கோகிராமா என்னும் குளவி முட்டையினுள்ளேயே தன் முட்டையை இட்டு, புழு பிறப்பதற்கு முன்பே அதனை ஒழிக்கிறது. டாக்கினிட் என்னும் ஈயினங்கள், வீட்டு ஈயைப் போன்ற தோற்றமுடையவை, வளர்ந்த புழுக்களைத் தாக்குகின்றன. வேறு சில குளவிகள் கூட்டுப்புழுவைத் துளைக்கின்றன. இவையெல்லாம் ஒட்டுண்ணிகள். சிலந்தி, கும்பிடுபூச்சி, எறும்பு, புழுவைக் கடித்து உருண்டையாக்கித் தன் கூட்டுக்கு எடுத்துச் செல்லும் காகிதக் குளவி, கூரிய அலகால் புழுவைக் குத்திச் சாற்றை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி ஆகியவை இரைவிழுங்கிகள். மைனாவும் கரிச்சானும் உண்ணிக்கொக்கும் இவ்வகையினவே. இவற்றோடு, புழுவை நோயுறச் செய்து தலைகீழாகத் தொங்கவிடும் நச்சுயிரிகளும், அதன் உடலில் வெண்பூஞ்சணமாகப் படரும் காளான்களும் சேர்கின்றன.

டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் கறிவேப்பிலைச் செடி ஒன்று இருக்கும். அதன் இளம் இலைகளைப் பறவை எச்சம் போன்ற நிறமுடைய சிறு புழுக்களும், பின்னர்ப் பச்சை நிறமடைந்த பெரிய புழுக்களும் தின்பதைக் காணலாம். இது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு; எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றையும் தின்னும். இதன் முட்டைக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் தனித்தனி ஒட்டுண்ணிகள் உண்டு. சாம்பாரில் இடுவதற்கு இலை பறிக்கும் செடியில் நஞ்சைத் தெளிப்பதைக் காட்டிலும், பத்துப் புழுக்களைக் கையால் எடுத்து அகற்றி, எஞ்சியவற்றைக் குளவிக்கும் பறவைக்கும் விடுவதே அறிவுடைமை. ஆசிரியர்கள் இதனை எந்த ஆய்வுக்கூடமும் இன்றிக் கற்பிக்கலாம்.

மலைப்பகுதிகளில் உள்ள ஊழியர்கள் காணும் மற்றோர் எடுத்துக்காட்டு பேஷன் பழக்கொடி. கொடைக்கானல் மலையில் இதனைத் தாட்பூட் பழம் என்பர்; இலங்கைத் தமிழர் கொடித்தோடை என்பர். இக்கொடியின் இலையை அக்ரேயா டெர்ப்சிகோரே என்னும் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சியின் முள்ளுடைய புழு தின்கிறது. தென்னாட்டில் இது ஓரிதழ்த் தாமரையிலும், வேலியோரத்துச் சிறுபூனைக்காலிக் கொடியிலும் வாழும் பூச்சி. தோட்டத்தில் பேஷன் கொடி ஏறியவுடன் அதற்கும் வந்து சேர்கிறது. இதன் உடலில் நச்சுத்தன்மை உண்டாதலால் பறவைகள் இதனை விரும்பித் தின்பதில்லை. பறவையைக் காவலுக்கு நம்ப இயலாத இத்தகைய புழுக்களிடத்தில் சிறு ஒட்டுண்ணிகள், சிலந்தி, எறும்பு, நோய்க்கிருமிகள் ஆகியவற்றின் பணி இன்னும் முக்கியமாகிறது. எந்தப் புழுவுக்கு எந்தப் பகைவன் என்பதை இடந்தோறும் நேரில் கண்டறிய வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

மருந்து செய்யும் மாறாட்டம்

நஞ்சு தெளித்த வயலில் புழுவும் மடிகிறது, குளவியும் மடிகிறது. பின் தீமை எங்ஙனம் விளைகிறது என்று சிலர் வினவலாம். இருவரும் ஒரே அளவில் மடிவதில்லை என்பதே விடை. புழு இலையின் அடியிலும் கோசின் மடிப்புக்குள்ளும் மறைந்திருக்கிறது. குளவியோ மருந்து படிந்த இலைமீது நாள் முழுதும் ஓடித் திரிந்து புழுவைத் தேடுகிறது. எஞ்சிய சில புழுக்களிலிருந்து புதிய கூட்டம் விரைவில் உண்டாகும். குளவிக்கோ புழு கிடைத்த பின்னரே வாழ்வு உண்டு. ஆதலால் அது எப்போதும் பின்தங்கியே வரும்.

கோசுப் பயிரின் மற்றொரு பகையான வைரமுதுகு அந்துப்பூச்சியின் வரலாறு இதனைத் தெளிவாக்குகிறது. 1953ஆம் ஆண்டிலேயே ஜாவாத் தீவில் இப்பூச்சி டி.டி.டி. மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றுவிட்டது அறியப்பட்டது. 1960-களில் பஞ்சாபிலும் இவ்வாற்றல் காணப்பட்டது. மருந்து பலிக்காத இடத்தில் அதனை மேலும் வலுவாகவும் அடிக்கடியும் தெளித்தனர், ஒட்டுண்ணிகள் அழிந்தன, பூச்சி நிலைத்தது. மலேசியாவின் கேமரன் மலைப்பகுதியில் 1970-களில் டயடெக்மா என்னும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொணர்ந்து விட்டனர். நச்சு மருந்து ஓயாது தெளிக்கப்பட்ட வரையில் அதனால் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. குளவியைக் கொல்லாத பாசில்லஸ் என்னும் நுண்ணுயிர் மருந்துக்கு உழவர் மாறிய பின்னரே அது பெருகிப் பூச்சியை அடக்கத் தொடங்கியது. நண்பனை வரவழைத்தால் மட்டும் போதாது. அவன் வாழ இடமளிக்கவும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

இந்நாட்டிலும் இவ்வழி புதிதன்று. தென்னையின் கருந்தலைப் புழுவை அடக்குவதற்காக, அன்றைய சென்னை மாகாணத்தின் மேற்குக் கடற்கரையில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஒட்டுண்ணிகளை வளர்த்துத் தோப்புகளில் விட்டனர். கோனியோசஸ் என்னும் அக்குளவி புழுவை மயக்கி, அதன் மேல் முட்டையிட்டு, குஞ்சுகள் வளரும் வரை பக்கத்திலேயே காவல் இருக்கும் இயல்புடையது. உயர்ந்த தென்னையின் ஓலைக்கு அடியில் மருந்து சென்று சேர்வது அரிது. குளவி சென்று சேர்கிறது. இன்றும் ஒட்டுண்ணி வளர்ப்பு நிலையங்கள் இப்பணியைச் செய்து வருகின்றன. 2010ஆம் ஆண்டில் பப்பாளி மாவுப்பூச்சிக்கு எதிராகப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொணர்ந்த குளவி தமிழ்நாட்டில் பெற்ற வெற்றியைப் பலரும் அறிவர். அயல்நாட்டிலிருந்து வந்த விருந்தினருக்கு இத்தனை சிறப்புக் கிட்டியது தகும். ஆனால் அழைப்பின்றியே வயலில் குடியிருக்கும் உள்நாட்டு ஒட்டுண்ணிக்கு அச்சிறப்பில் ஒரு பங்கேனும் கிட்டவில்லை. அதனை வாங்க வேண்டியதில்லை, வளர்க்க வேண்டியதில்லை, கொல்லாமலிருந்தால் போதும்.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நேர்மையாக ஆராய வேண்டும். குளவி முட்டையிட்ட புழு உடனே சாவதில்லை. இறுதி வரை இலையைத் தின்றுகொண்டே இருக்கிறது என்பது முதல் மறுப்பு. இது உண்மையே. ஆகவே கோசுக் குளவியால் வரும் பயன் பெரும்பாலும் அடுத்த தலைமுறைப் புழு குறைவதிலேயே காணப்படும். செடி இளமையாக இருக்கையில் புழு மிகுந்துவிட்டால் குளவிக்காகக் காத்திருத்தல் இழப்பாகலாம்.

சந்தையில் வாங்குவோர் ஒரு துளையும் இல்லாத காலிஃபிளவரையே விரும்புகின்றனர் என்பது இரண்டாவது மறுப்பு. இதுவும் உண்மையே. பூ உருவாகும் காலத்தில் உழவரால் பொறுத்திருக்க இயலாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒட்டுண்ணிக்கும் ஒட்டுண்ணிகள் உண்டு, எல்லா ஆண்டும் அது போதிய அளவில் இராது என்பது மூன்றாவது.

இம்மூன்றும் இயற்கைப் பகைவரை மட்டும் நம்பியிருக்கலாகாது என்று காட்டுகின்றனவேயன்றி, அவர்களைப் பாராமலே மருந்து தெளிக்கலாம் என்று காட்டவில்லை. முட்டைக் கூட்டமும் இளம் புழுக் கூட்டமும் உள்ள இலைகளைக் கையால் அகற்றலாம். அவ்வாறு சேகரித்த பருத்த புழுக்களைக் குளவி நுழைந்து வெளியேறத்தக்கதும், வண்ணத்துப்பூச்சி வெளியேற இயலாததுமான கண்ணுள்ள வலையிட்ட பெட்டியில் வைத்தால் பகை உள்ளே மடியும்; நண்பன் வயலுக்குத் திரும்புவான். தெளித்தே ஆகவேண்டிய நிலையிலும் வேப்பங்கொட்டைச் சாறு, நுண்ணுயிர் மருந்து போன்றவை முதலிடம் பெற வேண்டும். 1962ஆம் ஆண்டில் டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை அவை தின்னாமல் விட்டதை அந்நிலைய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர் என்பதை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும்.

ஊழியர் செய்யத்தக்க இரு சோதனைகள்

ஒருங்கிணைந்த பூச்சி நிர்வாகத்தை இந்திய அரசு 1985ஆம் ஆண்டு முதல் பயிர்ப் பாதுகாப்பின் அடிப்படைக் கொள்கையாக ஏற்றுள்ளது. ஐதராபாத்திலுள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனத்தின் வழிகாட்டுதலில், பூச்சிக்கும் அதன் பகைவருக்கும் உள்ள விகிதம் பார்க்கப்படுகிறது. இரண்டு பூச்சிக்கு ஒரு பகைவர் என்ற அளவு இருப்பின் மருந்தைத் தவிர்க்கலாம் என்பது பொதுவான விதி. ஆகவே கொள்கையிலும் குறைவில்லை, விதியிலும் குறைவில்லை. குறைவு கண்ணில் உள்ளது. செடியின் மேல் ஊரும் சிலந்தியை எண்ணலாம். புழுவின் உடலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை எங்ஙனம் எண்ணுவது? எண்ணப்படாததனால் அது இல்லாததாகவே கருதப்படுகிறது. புழு மட்டும் ஏட்டில் ஏறுகிறது.

இக்குறையைப் போக்க இரண்டு எளிய சோதனைகள் உள. முதலாவது வயலிலேயே செய்வது. வயலின் பல பகுதிகளிலிருந்து நடுத்தர வளர்ச்சியுற்ற இருபது புழுக்களை எடுத்து, ஒவ்வொன்றாக ஒரு தட்டில் சிறிது நீரிலிட்டு, இரண்டு ஊசிகளால் பிளந்து கைலென்சு கொண்டு பார்க்க வேண்டும். ஒட்டுண்ணி தாக்கிய புழுவினுள் வெண்ணிறமான சிறு குஞ்சுகள் மிதந்து வெளிவரும். இருபதில் எத்தனை என்பதை எழுதிக்கொண்டால், அன்றே உழவருக்கு அறிவுரை கூறலாம். முட்டையிட்டு ஓரிரு நாளே ஆன நிலையில் குஞ்சு கண்ணுக்குத் தெரியாதாகையால், காணப்படும் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதையும் கருத வேண்டும்.

இரண்டாவது புட்டிச் சோதனை. இது பள்ளிகளுக்கு மிகவும் ஏற்றது. இருபது புழுக்களைத் தனித்தனிக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, மெல்லிய துணியால் வாய் கட்டி, நாள்தோறும் புதிய இலை வைத்து எச்சத்தை அகற்றி வர வேண்டும். மூன்று வாரங்களில் சிலவற்றிலிருந்து வண்ணத்துப்பூச்சியும், சிலவற்றிலிருந்து குளவிகளும், சிலவற்றிலிருந்து ஈயும் வெளிப்படும்; சில நோயுற்று மடியும். மாணவர் இவற்றைத் தேதியுடன் ஒரு பேரேட்டில் எழுதிவரின், இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த ஊரின் புழுக்களுக்கு எவை பகைவர், எம்மாதத்தில் அவை மிகும் என்னும் செய்தி அந்த ஊரிலேயே கிடைக்கும். வெளிவந்த குளவியில் சிலவற்றைச் சாராயத்தில் பதம் செய்து வைத்தால் வல்லுநர் பெயரிட இயலும். டில்லி ஆராய்ச்சி நிலையத்திலுள்ள பூசா தேசியப் பூச்சித் தொகுப்பும், பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிலையமும் இத்தகைய பணிக்கு அமைந்தவையே. எஞ்சிய குளவிகளை மாணவரே வயலுக்குக் கொண்டு சென்று திறந்து விடலாம்.

ஏட்டில் ஒரு பத்தி

ஊழியரின் ஊக்கம் மட்டும் போதாது. நிர்வாகமும் துணை நிற்க வேண்டும். மருந்து தெளித்த ஏக்கரைக் கணக்கிடுவது எளிது. தெளிக்காமல் விட்டதனால் பிழைத்த குளவியைக் கணக்கிடும் வழக்கம் இல்லை. எதனைக் கேட்கிறார்களோ அதனையே ஊழியர் எழுதுவர். எதனை எழுதுகிறார்களோ அதனையே நாளடைவில் பார்ப்பர். ஆகவே பூச்சிக் கண்காணிப்பு ஏட்டில் புழுவின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ‘ஒட்டுண்ணி தாக்கிய புழு’ என்ற ஒரு பத்தியைச் சேர்த்து, அதனை நிரப்பிய பின்னரே மருந்துப் பரிந்துரையை எழுதும் ஒழுங்கை ஏற்படுத்துதல் வேண்டும். இதற்குப் பெருஞ் செலவு இல்லை. ஒரு கைலென்சும் இரண்டு ஊசியும் இருபது புட்டியும் போதும்.

அப்பத்தியில் ‘இல்லை’ என்று எழுத நேரும் நாட்களும் உண்டு. அன்று மருந்தைப் பரிந்துரைப்பதில் தவறில்லை. பாராமல் எழுதும் பரிந்துரைக்கும் பார்த்த பின் எழுதும் பரிந்துரைக்கும் உள்ள வேறுபாடு, உழவரின் பணப்பையிலும் அடுத்த பருவத்தின் பயிரிலும் விளங்கும். வரும் குளிர்காலத்தில் கோசு வயலில் இறங்கும் ஊழியர் ஒவ்வொருவரும், அவ்வயலுக்குப் பக்கத்துப் பள்ளியின் ஆசிரியர் ஒவ்வொருவரும், அந்த மஞ்சள் கூட்டை ஓர் உழவருக்கேனும் ஒரு மாணவனுக்கேனும் காட்டி, “இதனை நசுக்காதே” என்று சொல்வாராயின், பணி நன்கு தொடங்கியதாகும்.